புல்லை அரிந்தால் வளை தெரியும்

மாசி மாதத்தில், மண்டைக்காட்டில் கொடை விழாக் கூட்டம் நிறைந்திருக்கும் அதே நாட்களில், ஊரைவிட்டு உள்ளே இரணியல், திங்கள்நகர் பக்கம் சென்றால் கும்பப்பூ அறுவடை முடிந்த வயல்களைக் காணலாம். முன்பு இருந்த ஏலாக்களில் பெரும் பகுதி இன்று தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டது. எஞ்சிய வயல்களின் வரப்பில் யாரேனும் குனிந்து நின்று பன்னரிவாளால் புல் அரிந்துகொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாட்டுக்குத் தீவனம் என்று எண்ணியிருப்பீர்கள். அதுவும் சரிதான். ஆனால் புல் போன பிறகு அந்த வரப்பை உற்றுப் பாருங்கள். நேற்று ஒரு துளையும் தெரியாத இடத்தில் இன்று ஏழெட்டுத் துளைகள் தெரியும். அவை ஓர் இரவில் தோன்றியவை அல்ல. பல மாதங்களாக அங்கேதான் இருந்தன. புல் அவற்றை மூடி வைத்திருந்தது.

எலி பிடிப்பது என்றவுடன் நமக்குப் பொறியும் நஞ்சும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மறைவை நீக்குவதுதான் அது. வளையில் வாழும் பிராணிகளைப் பிடிக்கும் மனிதர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், இந்த ஒரு வேலையை முதலில் செய்கிறார்கள். ஏன் என்பதைப் பார்ப்போம். முதலில் நம் ஊரைவிட்டு நெடுந்தூரம், இங்கிலாந்துக்குப் போய் வரலாம்.

ஃபெரட்டும் முயலும்

இங்கிலாந்தின் கிராமங்களில் குளிர்காலத்தில் முயல் பிடிக்கச் செல்பவர்கள் ஒரு சிறு மரப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு செல்வார்கள். பெட்டிக்குள் இருப்பது ஃபெரட் என்னும் பிராணி. உடல் நீண்டு மெலிந்திருக்கும், கால்கள் குட்டை. பார்த்தால் நம் கீரியின் உறவு என்று தோன்றும். உண்மையில் அது வேறு குடும்பம், நீர்நாய் சேர்ந்த குடும்பம். ஐரோப்பாவின் போல்கேட் என்னும் காட்டு விலங்கிலிருந்து மனிதன் பழக்கி வளர்த்தெடுத்த வீட்டுப் பிராணி இது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மத்தியதரைக் கடலின் பலியாரிக் தீவுகளில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்தபோது, இத்தகைய பிராணியை வளைக்குள் விட்டு முயலை வெளியேற்றினார்கள் என்று ஸ்டிராபோ என்ற கிரேக்க அறிஞர் எழுதியிருக்கிறார். தீவு மக்கள் ரோமப் பேரரசர் அகஸ்டசிடம் முயலை எதிர்க்கப் படை அனுப்பக் கேட்டார்கள் என்று பிளினி குறிப்பிடுகிறார். முயலை எதிர்க்கப் படையா என்று சிரிக்காதீர்கள். பின்னால் ஆஸ்திரேலியாவுக்கு வரும்போது சிரிப்பு அடங்கிவிடும்.

முறை எளியது. முயல் வளையின் ஒவ்வொரு வாயிலிலும் ஒரு சுருக்கு வலையை விரிப்பார்கள். பிறகு ஃபெரட்டை உள்ளே விடுவார்கள். அதன் மணம் மூக்கில் பட்டவுடன் முயல் அஞ்சி வெளியே பாயும், வலையில் சிக்கும்.

எளியது என்றேன். ஆனால் ஒரு முயல் வளைத் தொகுதிக்கு வாயில் ஒன்றல்ல. பத்தும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். அவற்றில் பாதி முட்கொடிப் புதரின் அடியில் மறைந்திருக்கும். நீங்கள் முப்பது வலை விரித்து, ஒரே ஒரு வாயிலை மட்டும் காணாமல் விட்டுவிட்டால், முயல்கள் அந்த ஒன்றின் வழியாகவே போய்விடும். முட்கொடியின் மேல் விரித்த வலை முள்ளில் மாட்டிக்கொண்டு சுருங்காது. வலைக்குத் தப்பிய முயல் இரண்டடி தள்ளி உள்ள புதருக்குள் புகுந்துவிட்டால் நாயும் ஒன்றும் செய்ய முடியாது. ஃபெரட்டே உள்ளே தங்கிவிட்டாலோ, அதைத் தோண்டி எடுக்க இடம் வேண்டும். ஆகவே அனுபவசாலிகள் வேட்டை நாளுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே சென்று புதரை வெட்டி அகற்றுவார்கள்.

சில வாரங்கள் முன்னதாக என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கே வெட்டினால் என்ன? வெட்டும் ஓசையும் காலடி அதிர்வும் நிலத்தின் வழியாக வளைக்குள் எட்டும். முயல்கள் எச்சரிக்கை அடைந்து வெளியே வர மறுக்கும். அல்லது வேறு இடத்துக்குப் போய்விடும். முன்பே வெட்டிவிட்டால், சில நாட்களில் அவை புதிய நிலைமைக்குப் பழகிப் பழைய வாயில்களையே பயன்படுத்தத் தொடங்கும். குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதே காரணத்தால்தான்: அப்போது செடிகொடிகள் தாமாகவே வாடிக் கிடக்கும், வளைக்குள் குட்டிகளும் குறைவு.

இனி ஆஸ்திரேலியா. 1859-ஆம் ஆண்டில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டை விளையாட்டுக்காக விக்டோரியா மாநிலத்தில் இருந்த தம் பண்ணைக்கு இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்தார். ஏறத்தாழ இரண்டு டஜன். அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் அந்நாட்டு முயல்களின் தொகை பல கோடிகளாகப் பெருகிவிட்டது. வேலி போட்டார்கள், நஞ்சு வைத்தார்கள், 1950-இல் மிக்சோமாட்டோசிஸ் என்ற வைரஸ் நோயையே பரப்பினார்கள். முயல் குறைந்தது, பிறகு நோயை எதிர்க்கும் முயல்கள் பெருகின. இன்றும் அங்குள்ள விவசாயிகளுக்குச் சொல்லப்படும் முறைகளில் முக்கியமான ஒன்று, முதலில் பிளாக்பெர்ரிப் புதர், விழுந்த மரம், குப்பைக் குவியல் ஆகிய மறைவிடங்களை அழித்துவிட்டு, அதன்பின் டிராக்டரால் வளையை உழுது தகர்ப்பதுதான். மறைவை விட்டுவிட்டு வளையை மட்டும் தகர்த்தால், முயல் புதருக்குள் காத்திருந்து மறுபடியும் வளை தோண்டும்.

நம் முயலுக்கு வளை இல்லை

அப்படியானால் மண்டைக்காட்டில் ஒரு ஃபெரட்டைக் கொண்டுவந்து முயல் பிடிக்கலாமா? முடியாது. நம் ஊர்க் காட்டு முயலுக்கு வளையே கிடையாது!

தமிழில் எல்லாவற்றையும் முயல் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் இவை இரு வேறு பிராணிகள். ஐரோப்பாவில் இருப்பது குழிமுயல். நிலத்தைக் குடைந்து கூட்டமாக வாழ்வது. அதன் குட்டி கண் திறக்காமல், மயிர் இல்லாமல் வளையின் இருட்டில் பிறக்கிறது. நாம் வீட்டில் வளர்க்கும் வெள்ளை முயல் இந்தக் குழிமுயலின் வழி வந்தது. நம் காட்டு முயலோ கரும்பிடரி முயல். புல்லிலோ புதரடியிலோ உடல் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் செய்து அதில் பதுங்கிக் கிடக்கும். அதன் குட்டி மயிருடன், திறந்த கண்ணுடன் பிறக்கிறது; வளையின் பாதுகாப்பு இல்லாததால் பிறந்தவுடனேயே ஓரளவு தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் முயலுக்குப் புதர்தான் வீடு. வீட்டுக்கு அடியில் பாதாள அறை எதுவும் இல்லை. ஆகவே இங்கே புதரை வெட்டினால் முயலின் வீட்டையே வெட்டுகிறோம். தவிர, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்த முயலை வேட்டையாடுவது குற்றம்.

சரி, நம் நிலத்தில் வளை தோண்டி வாழ்வது யார்? எலி.

தனி வளை

வயலில் பல வகை எலிகள் உண்டு. அவற்றில் வரப்பைத் துளைப்பதில் முதலிடம் பெறுவது பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ் என்ற விலங்கியல் பெயர் கொண்ட எலி. பெருச்சாளியின் சிறிய உறவு. வரப்பில் குடியிருப்பதால் இங்கே இதை வரப்பெலி என்றே அழைப்போம். நெல் மட்டும் அதன் உணவு என்று நினைக்காதீர்கள். மரச்சீனிக் கிழங்கை அடியிலிருந்தே குடைந்து தின்னும். மேலே செடி பச்சையாகவே நிற்கும். பிடுங்கினால்தான் பாதிக் கிழங்கு காணாமல் போயிருப்பது தெரியும்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற பழமொழியை நீங்கள் அறிவீர்கள். வரப்பெலியைப் பொறுத்தவரை அது உற்று நோக்கிச் சொன்ன விலங்கியல் உண்மை. பொதுவாக ஒரு வளையில் வளர்ந்த எலி ஒன்றுதான் இருக்கும். தாயும் குட்டிகளும் சேர்ந்திருப்பதே விலக்கு. பழமொழி சொன்னவர் எத்தனை வரப்புகளைத் தோண்டிப் பார்த்திருப்பாரோ!

அந்தத் தனி வளையின் அமைப்பைப் பாருங்கள். வெளியே புதுமண் குவியல். வாயிலை எலி பல நேரங்களில் உள்ளிருந்தே தளர்ந்த மண்ணால் அடைத்துக்கொள்ளும். உள்ளே கிளைத்துச் செல்லும் சுரங்கம். புல்லைக் கிழித்து மெத்தையாகப் பரப்பிய ஓர் அறை. கதிர்களைச் சேமிக்கும் அறை. இவை தவிர அவசர வழிகள் உண்டு. இவற்றின் வாய் மெல்லிய மண்ணால் மூடப்பட்டு, அடர்ந்த புல்லின் அடியில் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் துளையே தெரியாது. முன்வாயிலை நீங்கள் தோண்டத் தொடங்கியதும் எலி மெல்லிய மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடிவிடும். இங்கிலாந்து வேட்டைக்காரர் காணாமல் விட்ட அந்த ஒரு வாயில் இதுதான்.

ஆகவே வரப்பைச் செதுக்கிப் புல்லை நீக்குவதில் முதல் பயன், எல்லா வாயில்களும் கண்ணுக்குத் தெரிவது. துளை எல்லாம் எலித்துளை அல்ல என்பதையும் அப்போதுதான் அறியலாம். வயல் நண்டின் துளைக்கு அருகே ஈர மண் உருண்டைகள் கிடக்கும். எலி வளைக்கு முன்னால் பொலபொலவென்ற மண் குவியலும், புழுக்கையும், பலமுறை ஓடித் தேய்ந்த தடமும் தெரியும். வாயின் குறுக்கே சிலந்தி வலை பின்னியிருந்தால் அந்த வளையில் அண்மையில் யாரும் நடமாடவில்லை என்று பொருள். பயிர்க் காலத்தில், சாய்வாக வெட்டிய நெல் தண்டுகள் இன்னோர் அடையாளம்.

கடற்கரையை ஒட்டிய மணலில் இந்த வளை அமையாது. மணவாளக்குறிச்சி கடற்கரையில் உலர்ந்த மணலை விரலால் குடைந்து பாருங்கள். பக்கங்கள் உடனே சரிந்து மூடிக்கொள்ளும். மணல் துகள்களைப் பிடித்து வைக்கக் களிமண்ணோ ஈரமோ வேரோ வேண்டும். அதனால்தான் கரையோரத்தில் எலிகள் தாழம்புதரின் வேர்களுக்கு இடையிலும், கல் கட்டுகளிலும், திருவிதாங்கூர் அரசு 19-ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஏ.வி.எம். கால்வாயின் கரைகளிலும் இடம் தேடுகின்றன. அந்தக் கால்வாய் இன்று பல இடங்களில் தூர்ந்து புதர் மண்டிக் கிடக்கிறது. எலிக்கு அதைவிட நல்ல மாளிகை வேறு என்ன வேண்டும்?

இருளர்களின் கண்

வளையைப் படிக்கும் கலையில் நம் மாநிலத்தில் இருளர்களை மிஞ்சியவர் இல்லை. வடக்கே செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டங்களில் வாழும் பழங்குடியினர் இவர்கள். பாம்பு பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். பாம்புத் தோல் ஏற்றுமதி 1976-இல் தடை செய்யப்பட்டபின், 1978-இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நச்சு முறிவு மருந்து செய்வதற்கான பாம்பு நஞ்சை எடுத்துத் தருகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. எலி பிடிப்பது இவர்களின் மற்றொரு தொழில்.

இருளர் ஒருவர் வரப்பில் நடந்தவுடன் கடப்பாரையை ஊன்றமாட்டார். முதலில் பார்ப்பார். மண் புதிதா, பழையதா. தடம் எந்தப் பக்கம் போகிறது. வளை எந்தத் திசையில் திரும்புகிறது என்று கணிப்பார். புல்லை ஒதுக்கி அவசர வழிகளைக் கண்டுபிடித்து அடைப்பார். அதன்பிறகே ஒரு மண்பானையில் வைக்கோலையும் இலையையும் திணித்துத் தீ மூட்டி, பானையின் வாயை வளையின் வாயில் பொருத்தி, பானையின் அடியில் உள்ள சிறு துளையில் வாயை வைத்து ஊதுவார். புகை உள்ளே செல்லும், எலி மயங்கும், பிறகு தோண்டி எடுப்பார். சேமிப்பு அறையில் கிடைக்கும் நெல் அவர் குடும்பத்துக்கு உணவு.

ஊதுகிறவர் இடையே மூச்சை இழுக்கும்போது பானையின் புகை அவர் நெஞ்சுக்குள் போகும். உதடும் கையும் வெந்துபோகும். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கைப்பிடியைச் சுற்றினால் காற்றைச் செலுத்தும் எஃகுப் புகைக் கருவி ஒன்றை உருவாக்கி இருளர் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். வாயால் ஊத வேண்டியதில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை; கொல்லன் உலையில் உள்ள துருத்தியின் தத்துவம்தான். ஆனால் ஒரு மனிதனின் நுரையீரலைக் காப்பாற்றும் கருவி சிறியதாகவே இருக்கட்டும், அதுவும் பெரிய விஞ்ஞானம்தான் என்பேன்.

புகை எந்தக் கருவியிலிருந்து வந்தாலும், அடைக்காமல் விட்ட ஓர் அவசர வழி இருந்தால் அது அந்த வழியே வெளியேறும், எலியும் அப்படியே. கருவி மாறியும் புல்லை ஒதுக்கும் வேலை மாறவில்லை.

அச்சத்தை அளக்கலாம்

மறைவை நீக்குவதில் இரண்டாவது பயன் இன்னும் சுவையானது. புல் போய்விட்டால் எலி தானாகவே அங்கே தயங்கும். ஏன்?

மேய வெளியே வரும் எலிக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு கணக்கு உண்டு. உணவு கிடைக்கிறது, அது வரவு. கூகையோ சாரைப்பாம்போ பிடித்துவிடலாம், அது செலவு. புதரடியில் செலவு குறைவு, வெட்டவெளியில் அதிகம். உணவு குறைந்துகொண்டே வரும்போது, ஆபத்துக்கு ஈடாகாது என்ற நிலையில் எலி மீதியை விட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே எலி விட்டுச்சென்ற தானியத்தை எண்ணினால் அதன் அச்சத்தை அளந்துவிடலாம்! 1988-இல் ஜோயல் பிரவுன் என்ற அமெரிக்க உயிரியலாளர் இந்த அழகான கருத்தை வெளியிட்டார். நீங்களும் செய்து பார்க்கலாம்.

ஒரே அளவுள்ள இரண்டு தட்டையான தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சம அளவு சலித்த மணலை நிரப்பி, ஒவ்வொன்றிலும் எண்ணி நூறு நெல்மணிகளைக் கலந்துவிடுங்கள். பள்ளித் தோட்டத்திலோ வீட்டுத் தோப்பிலோ ஒரு தட்டைப் புதரின் ஓரத்திலும், மற்றொன்றை அதிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி வெட்டவெளியிலும் வையுங்கள். எறும்பு வராமல் சுற்றிலும் சாம்பல் தூவுங்கள். இருட்டும் நேரத்தில் வைத்து, பறவைகள் எழுமுன் எடுத்துவிட வேண்டும். மணலைச் சலித்து மீதி நெல்லை எண்ணுங்கள். ஓர் இரவு போதாது. குறைந்தது ஐந்து இரவுகள் செய்யுங்கள். அமாவாசையை ஒட்டி ஒரு முறை, பௌர்ணமியை ஒட்டி ஒரு முறை செய்தால் இன்னும் நல்லது. வெட்டவெளித் தட்டில் மீதி கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அப்படி இல்லாவிட்டால் எண்ணிக்கையைத் திருத்தாதீர்கள். ஏன் என்று யோசியுங்கள். தட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

நிலவு எதற்கு என்று கேட்கிறீர்களா? நிலவொளியில் கூகைக்குக் கண் நன்றாகத் தெரியும். இரவில் மேயும் பல வகை எலிகள் நிலா வெளிச்சத்தில் வெட்டவெளியைத் தவிர்ப்பது ஆய்வுகளில் கண்ட உண்மை. வயலில் ஆங்கில டி எழுத்தைப்போலக் குச்சி நட்டு ஆந்தை, கூகைகளை உட்கார வைப்பதும் இந்தக் கணக்கை நம் பக்கம் திருப்பத்தான். வரப்பில் முழங்கால் உயரப் புல்லை வைத்துக்கொண்டு குச்சி நட்டால் பயன் குறைவு. உட்கார இடம் கொடுத்து, பார்க்க இடம் கொடுக்காவிட்டால் எப்படி?

தென்னை மரத்திலும் இதே கதைதான். இளநீர்க் குரும்பையைத் துளைக்கும் மர எலி, மட்டைகளுக்கு இடையே சேர்ந்த பன்னாடை, பாளைக் குப்பையில் கூடு கட்டுகிறது. கொண்டையைச் சுத்தம் செய்தால் அதன் மறைவு போகிறது. ஆள் உயரத்துக்கு மேலே மரத்தைச் சுற்றி வழவழப்பான தகரம் அடித்தால் ஏற முடியாது. பக்கத்து மரத்தின் ஓலை இந்த மரத்தைத் தொடாமல் இருந்தால் மட்டும்!

வெளியூர் வேட்டைக்காரன்

புதர் வெட்டும் தொல்லை எதற்கு, எலியைத் தின்னும் ஒரு பிராணியைக் கொண்டுவந்து விட்டால் போதாதா என்று சிலர் நினைத்தார்கள். நினைத்ததோடு நிற்கவில்லை. 1872-இல் எஸ்பியூட் என்ற தோட்ட முதலாளி, கரும்பைத் தின்ற எலிகளை ஒழிக்க, கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை மேற்கிந்தியத் தீவான ஜமைக்காவுக்கு வரவழைத்தார். தொடக்கத்தில் எலி குறைந்தது. பிறகு கீரிகள் பெருகின. தரையில் கூடு கட்டும் பறவைகள், ஓணான்கள், கோழிகள் எல்லாம் அவற்றுக்கு இரையாயின. எலியோ இரவில் நடமாடுவது, மரம் ஏறுவது. கீரி பகலில் வேட்டையாடுவது. இருவரும் சந்திக்கும் நேரமே குறைவு. இது தெரிந்த பிறகும் 1883-இல் ஹவாய்த் தீவுகளுக்குக் கீரியைக் கொண்டுபோனார்கள். நியூசிலாந்தில் முயலை ஒழிக்க 1880-களில் ஃபெரட்டுகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டார்கள். முயல் ஒழியவில்லை. பறக்கத் தெரியாத கிவி போன்ற பறவைகளுக்கு அன்று வந்த ஆபத்து இன்றும் தீரவில்லை.

நம் ஊரில் கீரி சொந்தக்காரன். இங்குள்ள எலியும் பாம்பும் பறவையும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கீரியோடு வாழ்ந்து பழகியவை. அதை யாரும் கொண்டுவந்து விட வேண்டாம்; இருப்பதைக் கொல்லாமல் விட்டால் போதும். ஓவியத் தூரிகைக்காகக் கீரி மயிரைத் திருட்டுத்தனமாக விற்கும் வணிகம் நடக்கிறது. அதைத் தடுக்க 2019-இல் நாடெங்கும் சோதனைகள் நடந்தன. எலி பிடிப்பவனைக் கொன்று தூரிகை செய்துவிட்டு, எலிக்கு நஞ்சு வாங்கக் கடைக்குப் போகிறோம்! அந்த நஞ்சிலும் சிக்கல் உண்டு. இரத்தம் உறையாமல் செய்யும் நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை; தள்ளாடித் திரியும் அதைப் பிடித்துத் தின்னும் கூகையின் உடலிலும் நஞ்சு சேர்கிறது.

எதை வெட்டுவது, எப்போது வெட்டுவது

இங்கேதான் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. எலிக்கு மறைவு தரும் புதர்தான் கீரிக்கும், முயலுக்கும், கௌதாரிக்கும் வீடு. எல்லாவற்றையும் வெட்டி மொட்டையாக்கினால் எலியின் எதிரிகளையும் ஊரைவிட்டு விரட்டியவர்கள் ஆவோம். தீ வைத்துக் கொளுத்துவது அதைவிடக் கேடு. எலி வளைக்குள் இறங்கித் தப்பிவிடும். வளை இல்லாத முயல்குட்டியும் பறவைக் குஞ்சும் எரிந்துபோகும்.

என் கருத்து இது: பயிரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மறைவை நீக்குங்கள், தொலைவில் உள்ள வேலிப்புதரையும் தாழையையும் விட்டுவிடுங்கள். வரப்பில் புல் குட்டையாக இருக்கட்டும். வேரோடு பிடுங்கினால் மழையில் வரப்பே கரைந்துவிடும். வரப்பின் அகலத்தையும் கவனிக்க வேண்டும். 30 செ.மீ.க்குக் குறைவான ஒடுங்கிய வரப்பில் எலிக்கு அறைகள் அமைக்க இடம் போதாது. அகன்ற வரப்பு நமக்கு நடக்க வசதி, எலிக்குக் குடியிருக்க வசதி.

காலம் இதைவிட முக்கியம். நெற்கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் உணவு பெருகும். எலியின் குட்டிகளும் பெருகும். சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்றே கூடுதல். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் சாதாரணம். நடவுக்கு முன் தப்பிய ஒரு பெண் எலி அறுவடைக்குள் இரண்டு முறை, முறைக்கு ஏழு குட்டி போட்டால், ஒன்று பதினைந்தாகிறது. ஆகவே நாற்று நடுவதற்கு முன்பு பிடிக்கும் ஓர் எலி, கதிர் முற்றியபின் பிடிக்கும் பதினைந்துக்குச் சமம். கும்பப்பூ அறுத்து முடித்து, கன்னிப்பூவுக்கு உழுவதற்கு முன் உள்ள இடைவெளிதான் வரப்புச் செதுக்க ஏற்ற காலம். அப்போது வயலில் உணவும் இல்லை, மறைவும் இல்லை. எலிகள் எல்லாம் வரப்பிலேயே ஒடுங்கியிருக்கும். இதையும் ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. உங்கள் வரப்பைச் செதுக்கினால் எலி பக்கத்து வரப்புக்குக் குடிபெயரும். நெல் விளைந்ததும் திரும்பி வரும். ஓர் ஏலா முழுவதும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டும்.

புல் வெட்டுபவருக்கும் ஆபத்துகள் உண்டு. எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். கறையான் கட்டிய புற்றில் பாம்பு குடியேறுவதை மண்டைக்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எலி தோண்டிய வளையிலும் அப்படியே நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வந்து தங்கும். ஆகவே எந்தத் துளையிலும் கையை விடாதீர்கள். நீண்ட கம்பால் புல்லைத் தட்டிய பிறகே வெட்ட வேண்டும். காலில் கணுக்காலுக்கு மேல் மூடும் செருப்போ பூட்சோ இருக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலோடு, அதுவும் காலில் புண்ணோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம்.

அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு நோய் உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். ஸ்க்ரப் என்றால் புதர். எலிகள் நடமாடும் புல் புதரில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிலந்தியினச் சிற்றுயிரின் இளம் பருவம் காத்திருக்கும். நம் தோலில் ஏறிக் கடிக்கும். கடித்தது தெரியாது. ஒன்றிரண்டு வாரங்களில் கடுங்காய்ச்சல் வரும். கடித்த இடத்தில், பெரும்பாலும் ஆடை மூடிய பகுதியில், சிகரெட் சூடு பட்டதுபோல் கருத்த பொருக்கு தோன்றலாம். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்திலேயே குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. புல் வெட்டி வந்த உங்கள் வீட்டார் யாருக்கேனும் காய்ச்சல் வந்தால், புதரில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். வீடு திரும்பியவுடன் குளித்து உடையை மாற்றுவதும், புல்லின் மேல் துணியை உலர்த்தாமல் இருப்பதும் நல்ல தற்காப்பு.

எலியை நீங்கள் பிடிக்க வேண்டாம், எண்ணிப் பார்க்கலாம். புல் அரியுமுன் ஒரு வரப்பில் கண்ணுக்குத் தெரியும் துளைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அரிந்த பிறகு மீண்டும் எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் புல் மறைத்த தொகை. அன்று மாலை பெரியவர் ஒருவரைக் கொண்டு எல்லாத் துளைகளையும் மண்வெட்டியால் ஈர மண் போட்டு அடைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் எத்தனை திறந்திருக்கின்றன என்று பாருங்கள். நாற்பதை அடைத்துப் பதினான்கு திறந்திருந்தால், ஆள் குடியிருக்கும் வாயில்கள் பதினான்கு. இதே வரப்பைக் கன்னிப்பூ நடவுக்கு முன் ஒரு முறையும், கதிர் வரும்போது ஒரு முறையும் எண்ணி, செதுக்காத பக்கத்து வரப்பின் எண்ணிக்கையோடு சேர்த்து ஒரே தாளில் வரைபடமாக வரையுங்கள்.